அம்மாவுக்கு இலாஸ்டிக் வைத்த நீளப் பாவாடை தைத்தேன், இடுப்பு சுருண்டுகொள்கிறது

யீஷூன் மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வாழ்நாள் முழுக்கச் சேலை கட்டியவர். இப்போது நின்றபடி கொசுவம் வைக்க முடியவில்லை. சுடிதாரில் ஒவ்வொரு காலாகத் தூக்கி நுழைப்பதற்குள் களைத்துப்போகிறார். நைட்டியோடு கீழே இறங்கவும் மனமில்லை. இதனாலேயே எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்து உட்காருவதுகூட நின்றுபோய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே தலைவழியாகப் போட்டு இறக்கிக்கொள்ளும்படி ஒரு நீளப் பாவாடை இருந்தால் போதும் என்று தோன்றியது.

கடையில் வாங்கிய இரண்டும் சரிப்படவில்லை. ஒன்று தரையைத் தொட்டது, இன்னொன்று வெளிச்சத்தில் நின்றால் உள்ளே தெரிந்தது. அதனால் நானே தைத்தேன். 58 இன்ச் பன்னா (துணியின் அகலம்) ரேயான், 2 மீட்டர். அதைக் குறுக்காக இரண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் சேர்த்து, மேலே மடித்து, 1 இன்ச் இலாஸ்டிக் கோர்த்தேன். அம்மாவின் இடுப்பு 36. இறுக்கமாக நிற்கட்டும் என்று இலாஸ்டிக்கை 30 இன்ச் வெட்டினேன்.

மூன்று குறை. இலாஸ்டிக் உள்ளுக்குள் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. வயிற்றில் சிவப்பாகத் தடம் விழுகிறது. முன்பக்கம் இரண்டு விரல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. எங்கே தவறினேன்?

ஊசிமுனை:
உங்கள் கணக்கிலேயே முதல் விடை இருக்கிறது. 58 இன்ச் துணி இரண்டு. தையலுக்குப் போனது போகச் சுற்றளவு 114 இன்ச். அம்மாவின் இருப்பு அளவு (இடுப்புக்குக் கீழே, உட்காரும் பகுதியின் சுற்றளவு) என்ன? 42 என்று வைத்தால் இரண்டே முக்கால் மடங்குத் துணி இடுப்பில் வந்து குவிகிறது. அத்தனை சுருக்கத்தையும் தாங்கிக்கொண்டு இலாஸ்டிக் தட்டையாக நிற்காது. சுருக்கம் வைத்த பாவாடைக்கு இருப்பு அளவைப்போல் ஒன்றரை மடங்கு போதும். மெல்லிய வாயில், ஜார்ஜெட் என்றால் இரண்டு மடங்கு வரை போகலாம்.

இரண்டாவது, இலாஸ்டிக் கோர்க்கும் பட்டியை எவ்வளவு அகலம் வைத்தீர்கள்? 1 இன்ச் இலாஸ்டிக்குக் கால் இன்ச் உள்மடிப்பு, பிறகு ஒன்றேகால் இன்ச் மடிப்பு, மொத்தம் ஒன்றரை இன்ச் விட்டால் சரி. அதற்கு மேல் இடம் இருந்தால் இலாஸ்டிக் புரளத்தான் செய்யும்.

இலாஸ்டிக் நீளத்துக்கு இடுப்பில் 2 இன்ச் குறைப்பது வழக்கம். 36க்கு 34. நீங்கள் 6 இன்ச் குறைத்திருக்கிறீர்கள்.

யீஷூன் மகள்:
இருப்பு சரியாக 42தான். பட்டி 2 இன்ச் வைத்துவிட்டேன், இலாஸ்டிக் எளிதாக நுழையட்டும் என்று. அப்படியானால் பிரித்துவிட்டு 34 வைத்துப் பார்க்கவா?

கைராசி:
தங்கச்சி, கொஞ்சம் பொறு. 34ன்னு வெட்டிடாதே. அந்த 36 நின்னு எடுத்த அளவா, உட்கார்ந்து எடுத்த அளவா?

நான் 1979ல ஜூரோங் பக்கம் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில சேர்ந்து ஒன்பது வருஷம் இடுப்புப் பட்டி வரிசையில உட்கார்ந்தவ. அங்க சைஸ் பார்த்து இலாஸ்டிக் வெட்டிக் கட்டுக்கட்டா வந்துடும், நாங்க அடிச்சுத் தள்ளுவோம். யார் போடுவாங்க, நிப்பாங்களா உட்காருவாங்களான்னு நமக்குத் தெரியாது. ஆனா நீ தைக்கிறது ஒரே ஒருத்தருக்கு. அந்த அம்மா நாள் முழுக்க உட்கார்ந்திருக்கவங்க. உட்கார்ந்தா வயிறு விரியும், இடுப்பும் விரியும். நின்ன அளவுல வெட்டின இலாஸ்டிக் உட்கார்ந்ததும் கடிக்கும். அதான் தடம்.

நாற்காலியில உட்கார வச்சு, மூச்சை இழுத்துப் பிடிக்காம சாதாரணமா இருக்கச் சொல்லி, டேப்பைச் சுத்திப் பார். அந்த அளவை எழுது, அப்புறம் பேசலாம்.

யீஷூன் மகள்:
அக்கா, இப்போதே எடுத்தேன். உட்கார்ந்தால் 38½! இரண்டரை இன்ச் வித்தியாசம். நான் கட்டியது 30. எட்டரை இன்ச் இழுத்துக்கொண்டு காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

கைராசி:
நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்ல மாட்டாங்கடா. நாடா வச்ச உள்பாவாடையை ஐம்பது வருஷம் இறுக்கிக் கட்டின உடம்பு, இடுப்புன்னா இறுக்கமாத்தான் இருக்கும்னு பழகிடுச்சு. நீ கேட்டுக் கேட்டுத்தான் வாங்கணும்.

இப்ப வேலைக்கு வருவோம். 1 இன்ச் இலாஸ்டிக் ஒண்ணுக்குப் பதிலா, அரை இன்ச் மெது இலாஸ்டிக் ரெண்டு வரிசை போடு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ஒரு தையல். அரை இன்ச் அகலம் சுருளுறதுக்கு இடமே இல்ல. அழுத்தமும் ஒரே கோட்டுல விழாம ரெண்டாப் பிரிஞ்சுடும். மடிப்புக் கணக்கு: உள்மடிப்புக் கால் இன்ச், உச்சியில ஓரத்தை ஒட்டி ஒரு தையல், அதுக்குக் கீழ ரெண்டு வழி, ஒவ்வொண்ணும் அரை இன்ச்சை விட ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், தாராளம். மொத்தம் ஒண்ணேமுக்கால் இன்ச் விடு.

உட்லண்ட்ஸ் அப்பா:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எட்டு வயது மகளுக்குத் தீபாவளிக்குள் இதே மாதிரிப் பாவாடை தைத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மெஷின் புதியது. மேலே தையல் அழகாக விழுகிறது, துணியைத் திருப்பினால் அடியில் நூல் பந்துபோல் சிக்கிக் கிடக்கிறது. அடிநூல் சுற்றிய பாபினை நான்கு தடவை மாற்றிப் போட்டுவிட்டேன். பாபின் கெட்டுப்போயிருக்குமா?

ஊசிமுனை:
அண்ணா, அடியில் சிக்கு விழுந்தால் எல்லாரும் பாபினைத்தான் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தீர்களா? ஃபுட் இறங்கியிருந்தால் உள்ளே நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டு இரண்டும் மூடியிருக்கும், நூல் அவற்றின் நடுவே போகாமல் மேலாகவே ஓடிவிடும். பிடிமானம் இல்லாத மேல்நூல் அளவுக்கு மீறி இறங்கி அடியில் குவியும். மேல்நூலை முழுக்க உருவுங்கள். ஃபுட்டைத் தூக்குங்கள். ஊசியையும் உச்சிக்குக் கொண்டுவந்து மறுபடி கோருங்கள். ஃபுட்டை இறக்கியபின் நூலை இழுத்தால் கொஞ்சம் இறுகி வரவேண்டும், அதுதான் சோதனை. தைக்க ஆரம்பிக்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் அப்பா:
சரியாகிவிட்டது! ஃபுட் இறங்கித்தான் இருந்தது. இரண்டு நாளாக இதோடு போராடினேன். மிக்க நன்றி. மகளுக்கு இருப்பு 26, நீளம் 26. எவ்வளவு துணி வாங்கட்டும்?

ஊசிமுனை:
ஒன்றரை மடங்கு 39. அதனால் 44 இன்ச் பன்னா காட்டன் ஒரே சுற்று போதும், பின்பக்கம் ஒரே ஒரு தையல். நீளத்துக்கு 26, பட்டிக்கு ஒன்றரை, அடிமடிப்புக்கு 3. துவைத்தால் சுருங்குவதற்கும் சேர்த்து ஒரு மீட்டர் வாங்கிவிடுங்கள். கடையில் விலை சொல்லும்போது மீட்டருக்கா கஜத்துக்கா என்று கேளுங்கள். கஜம் 36 இன்ச், மீட்டர் 39க்குக் கொஞ்சம் மேல். அந்த மூன்று இன்ச்சில்தான் பலருக்கு அடிமடிப்பு பறிபோகிறது.

வளரும் பிள்ளை. பட்டுப்பாவாடைக்கு வைப்பதுபோல் அடியில் ஒரு டக்கு (நீளத்தைக் குறைக்கும் மடிப்புத் தையல்) பிடித்துவையுங்கள், அடுத்த வருடம் பிரித்துவிடலாம். டக்கு வைப்பதானால் இன்னும் ஒரு கால் மீட்டர் கூட.

கரைச்சேலை:
யீஷூன் மகள், உங்கள் அம்மாவிடம் கட்டாமல் கிடக்கும் காட்டன் சேலை இருக்கிறதா? நான் என் அத்தைக்கு அவருடைய செட்டிநாட்டுக் கண்டாங்கியில் தைத்துக் கொடுத்தேன். சேலையின் அகலம்தான் பாவாடையின் நீளம். சாதாரணமாக 45 இன்ச் அளவில் இருக்கும், உயரமானவருக்கும் எட்டும். கரை அப்படியே கீழே வந்துவிடுவதால் அடி மடித்துத் தைக்கிற வேலை இல்லை. சுற்றளவு வேண்டிய அளவு நீளத்தில் வெட்டிக்கொண்டு, பின்பக்கம் ஒரு தையல், மேலே பட்டி. முடிந்தது. புதுத் துணி கொஞ்ச நாளைக்கு விறைப்பாக நிற்கும், இருபது தடவை துவைத்த சேலை முதல் நாளே உடம்போடு படியும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்குமுன் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எங்கே நைந்திருக்கிறது என்று பாருங்கள். உட்காரும் இடமும் குதிகால் தேயும் கரையும் முதலில் போகும். நைந்த பகுதி பாவாடையில் வராதபடி வெட்டுங்கள்.

ஊசிமுனை:
இதில் எனக்கு ஒரு தயக்கம். கரையைக் கீழே வைத்தே ஆகவேண்டும் என்றால் நீளத்தைப் பின்னால் திருத்த வழி இல்லை. அவர் அம்மாவுக்கு முன்பக்கம் தூக்குகிறது என்று எழுதியிருக்கிறார். கரை வைத்த பாவாடையில் அதை எப்படிச் சரிசெய்வீர்கள்?

கரைச்சேலை:
கீழே திருத்த முடியாது, உண்மை. மேலே திருத்தலாமே? முன்பக்கம் ஏன் தூக்குகிறது? வயிற்றின்மேல் ஏறி இறங்குவதற்குத் துணி கூடுதலாகத் தேவை, அது கீழிருந்து வருகிறது. அதனால் இடுப்பு ஓரத்தை வெட்டும்போது முன் நடுவில் இருக்கும் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின் நடுவில் ஒன்று ஒன்றரை இன்ச் குறைத்து, பக்கவாட்டில் மெல்லச் சரித்துக்கொண்டு வாருங்கள். கரை சுற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

கைராசி:
கரைச்சேலை சொல்றது சரியான வழி. ஒண்ணு சேர்த்துக்கோ. முதல்ல இலாஸ்டிக் துண்டு ஒண்ணை அம்மா இடுப்புல கட்டு. அதுக்குள்ள துணியைச் சொருகி, சுருக்கத்தைச் சமமா இழுத்துவிடு. நீ தரையில உட்கார்ந்து, ரூலரைத் தரையில நிறுத்திக் கரை எத்தனை இன்ச் உயரத்துல நிக்குதுன்னு சுத்திலும் பார். கரை மட்டமா வர்ற வரைக்கும் மேல இழுத்துவிட்டு, இலாஸ்டிக்குக் கீழ சாக்பீஸால கோடு போடு. பட்டிக்கு விட வேண்டியதை அந்தக் கோட்டுக்கு மேல விட்டு வெட்டு. பேப்பர் கணக்கெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இன்னொண்ணு, இது முக்கியம். நீளம் தரையைத் தொடக்கூடாது. வெளியில போட்டுட்டுப் போற செருப்பைப் போட்டு நிக்க வச்சு, தரைக்கு மேல 3 இன்ச் விடு. முழங்கால் ஆபரேஷன் பண்ணினவங்களுக்குப் பாவாடை நுனி கால்ல மிதிபட்டா அவ்வளவுதான். எம்ஆர்டி ரயில் நிலையத்து நகரும் படிக்கட்டையும் நெனைச்சுப் பார்.

யீஷூன் மகள்:
நீளத்தில்தான் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பாதம் மூடவேண்டும் என்கிறார் அம்மா. சேலை கட்டியவருக்குக் கணுக்கால் தெரிவது பழக்கமில்லை. நான் தடுக்கிவிடும் என்கிறேன், அவர் எழுபது வருஷமாகத் தடுக்கவில்லை என்கிறார்.

கைராசி:
எழுபது வருஷமும் கொசுவத்தை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தானே படி ஏறினாங்க. இப்ப அந்தக் கையில கைத்தடி இருக்கு. இதைப் பக்குவமா எடுத்துச் சொல்லு, கேட்பாங்க.

நீலவாயில்:
அம்மாவுக்காக இவ்வளவு பார்த்துச் செய்கிறீர்கள், மகிழ்ச்சி. துணி பற்றி என் பங்குக்கு: புதுத்துணி வாங்குவதானால் அரபு ஸ்திரீட்டில் நடந்து பாருங்கள், பிறகு சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கம். இலாஸ்டிக், பாபின், சாக்பீஸ் போன்றவை ஸ்பாட்லைட் மாதிரியான கைவினைப் பொருள் கடையில் ஒரே இடத்தில் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் துணியைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டபிறகே கத்தரியை எடுங்கள். காட்டன் சுருங்கும், ரேயான் அதைவிட அதிகமாகவே சுருங்கும்.

இலாஸ்டிக்கைத் துணியோடு இழுத்து நேரடியாக ஜிக்ஜாக் அடித்துவிட்டால் சுருளும் பிரச்சினையே இல்லையே? அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

ஊசிமுனை:
சுருளாது, சரிதான். ஆனால் ஊசி குத்திக் குத்தி இலாஸ்டிக்கின் இழுவை கொஞ்சம் தளர்ந்துபோகும். பெரிய காரணம் வேறு. இலாஸ்டிக் துணிக்கு முன்னால் சாகும், அதுவும் நம் ஊர் வெயிலிலும் டிரையர் சூட்டிலும் சீக்கிரமே. பட்டிக்குள் கோர்த்தது என்றால் இரண்டு இன்ச் பிரித்துப் பழையதை உருவிவிட்டுப் புதியதைக் கோர்த்துவிடலாம். நேரடியாக அடித்ததைப் பிரிக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும். தினம் உடுத்தும் பாவாடைக்கு நான் கோர்ப்பதைத்தான் சொல்வேன்.

யீஷூன் மகள்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். தைத்துவிட்டேன்.

சேலைதான். அம்மா தானே பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அரக்குக் கட்டம் போட்ட காட்டன், இரண்டு விரல் அகல மஞ்சள் கரை. வெட்டட்டுமா என்று மூன்று தடவை கேட்டேன். ‘உள்ளே கிடந்து பூச்சி அரிக்கிறதுக்கு இடுப்புல இருக்கட்டும்’ என்றார்.

சுற்றளவு 64 இன்ச் எடுத்தேன். பின் நடுவில் ஒரு தையல், பிசிறு வெளியே தெரியாதபடி பிரெஞ்சு சீம். முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கக் கால் இன்ச் தைத்து, நறுக்கி, திருப்பி, உள்பக்கம் மறுபடி தைத்தேன். 75 நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5. கைராசி அக்கா சொன்னபடி இடுப்பில் கட்டிவைத்துக் கோடு போட்டதில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றேகால் இன்ச் வித்தியாசம் வந்தது. கரை இப்போது சுற்றிலும் ஒரே மட்டம்.

இலாஸ்டிக்கை வெட்டவே இல்லை. இரண்டையும் நீளமாகக் கோர்த்து, முனைகளை ஊக்கால் பிடித்து, அம்மாவை அரைமணி நேரம் உட்காரச் சொன்னேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். ‘இறுக்குதா’ என்று கேட்டால் இல்லை என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். மேலே 36½, கீழே 37 என்று முடிந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அரை இன்ச் வைத்து ஜிக்ஜாக்கில் நான்கு தடவை போய் வந்தேன். சுருக்கத்தைச் சமமாகப் பரப்பியபின், பின் தையலுக்கு நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் பட்டியின் குறுக்கே ஒரு தையல் போட்டதால் இலாஸ்டிக் நகரவில்லை.

நீளம் செருப்போடு நின்றால் தரைக்கு மேல் இரண்டரை இன்ச். கைத்தடி விஷயத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். நேற்று இரவு இடுப்பைப் பார்த்தேன், தடம் இல்லை. இன்று காலை எட்டரைக்குத் தானே உடுத்திக்கொண்டு, தானே மின்தூக்கியில் இறங்கிக் கீழே போய் உட்கார்ந்தார். நான் மேலே தாழ்வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சேலையும் எடுத்து வைத்திருக்கிறார். அதில் பை வேண்டுமாம், வீட்டுச் சாவியும் பயண அட்டையும் வைக்க. பக்கத் தையலே இல்லாத பாவாடையில் பை எங்கே வைப்பது?

கரைச்சேலை:
படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் அப்பா:
என் மகளும் பை கேட்கிறாள். பதிலுக்கு நானும் காத்திருக்கிறேன்.

கைராசி:
ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன். பின் தையலைப் பின்னால வைக்காம வலது பக்கவாட்டுக்குக் கொண்டுவா, பை அதுலயே உட்கார்ந்துடும். பை வச்சா அங்க பிரெஞ்சு சீம் வேண்டாம், சாதாரணத் தையல் போட்டு ஓரத்துல ஜிக்ஜாக் அடிச்சுக்கோ. பட்டிக்குக் கீழ 3 இன்ச் தள்ளிப் பை வாய் ஆரம்பிக்கட்டும். வாய் அகலம் அம்மாவுக்கு ஆறரை இன்ச். பிள்ளைக்கு அவ கையை விரிச்சு வச்சு அளந்து ஒரு இன்ச் கூட்டிக்கோ தம்பி. பைத் துணியை மேல பட்டி வரைக்கும் நீட்டிப் பட்டி மடிப்புக்குள்ள சேர்த்து அடி. அப்படிச் செஞ்சா சாவி கனத்துக்குப் பை தொங்காது, நடக்கும்போது முழங்கால்ல வந்து இடிக்காது. வாய் ரெண்டு முனையிலயும் முன்னும் பின்னும் மூணு தடவை அடிச்சு உறுதி பண்ணு, கிழியுறது அங்கதான்.

அம்மாவுக்குக் கைத்தடி எந்தக் கையில? வலதுன்னா பையை இடது பக்கம் வை.

யீஷூன் மகள்:
வலது காலில் ஆபரேஷன், அதனால் தடி இடது கையில் அக்கா. பையை வலது பக்கமே வைக்கிறேன். சனிக்கிழமை வெட்டுகிறேன்.